எப்போது? எவ்வளவு நேரம்?: யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலக்கணக்கும் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் கால அளவும்

1996 மே 24ஆம் திகதி இரவு 10 மணிக்கு, அரச நேரத்தைப் பின்பற்றிய ஒரு வைத்தியசாலையில் நோயாளி ஒருவருக்குச் சேலைன் ஏற்றத் தொடங்கினார்கள் என்றும், மறுநாள் காலை 6 மணிக்கு அதைக் கழற்றினார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். எத்தனை மணித்தியாலம் ஏறியது? பதிவேட்டைப் பார்த்தவர் எட்டு என்பார். உண்மையில் ஏறியது ஏழு மணித்தியாலம். அந்த நள்ளிரவில் இலங்கை அரசு நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னோக்கித் திருப்பியிருந்தது.

இதே கேள்வியை இன்றைய நிரல்மொழிகளிடம் கேட்டால் விடை ஒன்றாக வருவதில்லை. இரண்டு நேரங்களையும் ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே நேரவலயத்துடன் பைதன் மொழியில் எழுதி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எட்டு மணித்தியாலம் வரும். ஜாவாவின் ‘டியூரேஷன்’ வகுப்பு ஏழு என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரவலயத் தரவைத்தான் வாசிக்கின்றன. ‘எவ்வளவு நேரம்’ என்பதற்கு அவை கொள்ளும் பொருள்தான் வேறு. அந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலக்கணக்கு வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கிறது. நேரத்தின் நிலையையும் நேரத்தின் நீளத்தையும் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்றுகளைக் கொண்ட சிறு நிலப்பரப்பு வேறு இருக்குமா என்பது எனக்கு ஐயமே.

பஞ்சாங்கத்தின் நிரல்கள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கமோ திருக்கணிதப் பஞ்சாங்கமோ ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டும் கணிக்கும் முறையில் வேறுபட்டாலும் அடிப்படை அலகு ஒன்றுதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. இன்றைய கணக்கில் நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 செக்கன்.

இந்த அலகு இரண்டு வேலை பார்க்கிறது. திதியின் நிரலில் ‘பஞ்சமி 32.15’ என்றிருந்தால், அன்றைய சூரிய உதயத்திலிருந்து 32 நாழிகை 15 விநாழிகை கழியும் கணத்தில் பஞ்சமி முடிகிறது என்று பொருள். அது ஒரு நிலை. ‘அகசு 29.40’ என்றிருந்தால் அன்றைய பகற்பொழுதின் மொத்த நீளம் அவ்வளவு என்று பொருள். அது ஓர் அளவு. எண்ணும் அலகும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. எது எதைக் குறிக்கிறது என்பதை நிரலின் தலைப்புத்தான் சொல்கிறது. பஞ்சாங்கம் பார்க்கப் பழகியவர் அகசு நாழிகையை எடுத்துக்கொண்டு பஞ்சமி எப்போது முடியும் என்று தேடமாட்டார். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இந்தத் தலைப்பின் வேலையை வகுப்பு செய்கிறது. வெறும் எண்ணுக்கு அதன் வகையைச் சூட்டி, வகை பொருந்தாத செயலை அது தடுக்கிறது.

திதி நிரலின் ‘32.15’ இன்னொன்றையும் காட்டுகிறது. உதயம் என்ற தொடக்கப்புள்ளியுடன் ஒரு கால அளவைக் கூட்டியே நிலை கிடைக்கிறது. சி++ மொழியின் குரோனோ நூலகம் நேரப்புள்ளியை வரையறுப்பதும் இதே வழியில்தான். தொடக்கப்புள்ளி நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் நகரும். யாழ்ப்பாணத்து உதயமும் மதுரையின் உதயமும் ஒன்றல்ல. ஆகவே அங்கே கணித்த நிலைகளை இங்கே அப்படியே கொள்ள முடியாது. நாழிகையோ எந்த ஊரிலும் நாழிகைதான்.

நாழிகை மாறாது என்றேன், திதி மாறும். சந்திரன் ஓடும் வேகம் சீரில்லாததால் ஒரு திதி சுமார் 20 மணித்தியாலத்தில் முடிந்துவிடவும் கூடும், 26 மணித்தியாலத்தைக் கடந்து நிற்கவும் கூடும். தமிழ் மாதங்களும் அப்படியே; மார்கழி 29 நாளில் முடியும் ஆண்டுகளில் ஆனி 32 நாள் வரை போகும். யாழ்ப்பாணத்தில் ஒரு மரணவீட்டில் இந்த அலகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குவதைக் காணலாம். எட்டுச்செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் நாட்கணக்கு. இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவதால் 31ஆம் நாளுக்கு உண்மையில் கழியும் கால அளவு 30 நாள். நிரலாளர்கள் ஒன்றால் பிசகும் இடம் இதுவே. ஆண்டுத்திவசமோ 365 நாளைக் கூட்டிக் காண்பதல்ல. இறந்த தமிழ் மாதத்தின் அதே பட்சத்தில் அதே திதி மறு ஆண்டு எந்த நாளில் நிற்கிறதோ அந்த நாள். ‘ஓர் ஆண்டு’ என்ற அந்த நீளத்தைத் தொடக்கத் திகதி இல்லாமல் நாட்களாகவோ நாழிகைகளாகவோ மாற்ற முடியாது. இந்த இடம் பின்னால் தேவைப்படும்.

1829இன் கிரகணம்

கால அளவு என்பது தனியே சோதிக்கத்தக்க ஒரு கணியம் என்பது குடாநாட்டில் பொதுமக்கள் பார்க்க வெளிப்பட்ட சந்தர்ப்பம் 1829 மார்ச் மாதத்துச் சந்திரகிரகணம். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அப்போது தானியேல் பூவர் தலைவராக இருந்தார். அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அந்தக் கிரகணத்தை முன்கூட்டியே குறித்திருந்தது. பூவர் அதை ஐரோப்பியக் கணிதத்தோடு ஒப்பிட்டார். மிசனரிமாரின் பதிவின்படி மூன்று வேறுபாடுகள் தெரிந்தன: தொடக்க நேரத்தில் 15 நிமிடம், கிரகணம் நீடிக்கும் காலத்தில் 24 நிமிடம், மறைப்பின் அளவில் 3 அங்குலம். கிரகண இரவில் வானம் செமினரியின் கணக்கோடு ஒத்துப்போனது என்று அப்பதிவு முடிகிறது.

இந்நிகழ்ச்சியை மேற்கத்திய அறிவியலுக்கும் சைவ மரபுக்கும் நடந்த மோதலாகவே எழுதிவந்திருக்கிறார்கள். அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று எண்களும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். தொடக்கத்தின் 15 நிமிடத்துக்கு வாதிட இடமிருந்தது. 1829இல் இலங்கைக்குப் பொதுநேரம் கிடையாது. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்துத் தன் மணிக்கூட்டை வைத்தது. தேசாந்தரத்தில் ஒரு பாகை பிசகினால் 4 நிமிடம் பிசகும். மணிக்கூட்டைக் குறைசொல்லலாம், இடக்கணக்கைக் குறைசொல்லலாம். நீடிப்பின் 24 நிமிடத்துக்கு அத்தகைய புகலிடம் எதுவுமில்லை. சந்திரகிரகணம் பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நீளந்தான். மணிக்கூட்டைப் பிழையாக வைத்திருந்தாலும் கழித்தலில் அந்தப் பிழை போய்விடும். அந்த 24 நிமிடம் சரியாக ஒரு நாழிகை.

பிழையின் ஊற்றும் வேறு. கிரகணத்தின் நீளம், பூமியின் நிழல்வட்டத்தைச் சந்திரன் எந்த உயரத்தில் குறுக்காகக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவால் போனால் நீண்ட நேரம், விளிம்பால் போனால் குறைந்த நேரம். அந்த உயரத்தை, அதாவது சந்திரனின் விட்சேபத்தை, சற்றுப் பிழையாகக் கொண்டால் நீடிப்பும் மறைப்பின் அங்குலமும் சேர்ந்தே பிழைக்கும். 24 நிமிடமும் 3 அங்குலமும் ஒன்றாக வந்தது தற்செயலாக இருக்கமுடியாது என்று கருதுகிறேன். நான்கு ஆண்டுக்கு முன் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர், சோழிகளை வைத்துக்கொண்டு மனப்பாடமான வாக்கியங்களால் 1825இன் சந்திரகிரகணத்தை யோன் வாரன் என்ற ஐரோப்பிய அறிஞருக்குக் கணித்துக்காட்டினார். தொடக்கத்தை அவர் சுமார் 4 நிமிட வேறுபாட்டில் பிடித்தார்; முடிவோ சுமார் 52 நிமிடம் விலகியது. தொடக்கம் ஏறக்குறையச் சரியாயிருந்தும் நீளம் பெரிதும் பிழைக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

பூவருக்குப் பின் செமினரிக்குப் பொறுப்பாயிருந்த கென்றி ஹொய்சிங்டன் 1848இல் அமெரிக்க மிசன் அச்சகத்தில் ‘சோதி சாத்திரம்’ என்ற நூலை மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் வெளியிட்டார். பிழை கண்டுபிடிப்பதற்காகப் படிக்கத் தொடங்கிய ஒரு கணிதமரபை முழுமையான அமைப்பாக அச்சில் தந்தது அம்முயற்சி. 1855இல் செமினரி மூடப்பட்டது.

வெறும் எண்ணிலிருந்து வகுப்புக்கு

பொருள்நோக்கு நிரலாக்கம் பிறந்ததே காலத்தைக் கையாளும் தேவையால் எனலாம். ஒஸ்லோவில் நோர்வே கணினி மையத்தில் ஓலே-யோகான் தாலும் கிறிஸ்தன் நீகார்டும் உருவாக்கிய சிமுலா, வரிசைகள், துறைமுகங்கள், தொழிற்சாலைகள் போன்றவற்றைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதற்கான மொழி. வகுப்பு என்ற கருத்தைத் தந்த சிமுலா 67இல் ஒரு செயல்முறையைக் குறித்த நேரம் நிறுத்திவைக்க ‘ஹோல்ட்’ என்ற கட்டளை இருந்தது. அதற்குள் கொடுக்கும் நேரமோ வெறும் தசம எண். கப்பலுக்கு வகுப்பு உண்டு, வாடிக்கையாளருக்கு வகுப்பு உண்டு, நேரத்தின் நீளத்துக்கு மட்டும் இல்லை. அந்த எண் நிமிடமா மணித்தியாலமா என்பது எழுதியவரின் மனத்தில் மட்டுமே இருந்தது.

ஸ்மோல்டோக்-80இல் திகதிக்கும் நேரத்துக்கும் வகுப்புகள் வந்தன. ஆனால் நாளின் ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்தைக் கழித்தால் கிடைப்பதும் ‘டைம்’ என்ற அதே வகுப்பின் பொருள்தான். பிற்பகல் 3 மணியும் மூன்று மணித்தியாலமும் ஒரே உருவில் நின்றன. பஞ்சாங்கத்தின் நிரல்தலைப்புகளை அழித்துவிட்டு எண்களை மட்டும் அச்சிட்டதற்கு அது சமம். அம்மொழிக்கு 1998இல் வகுக்கப்பட்ட அமெரிக்கத் தரநிலைதான் ‘டியூரேஷன்’ என்று தனியொரு வகையைக் கொண்டுவந்தது.

ஜாவா 1996இல் வெளிவந்தபோது ‘டேட்’ என்ற ஒரேயொரு வகுப்போடு வந்தது. அடுத்த ஆண்டு ‘கலண்டர்’ சேர்ந்தது. கால அளவுக்கு மில்லிசெக்கன்களை எண்ணும் ஒரு நீண்ட முழுவெண்தான். ‘நாளை இதே நேரம்’ வேண்டுமென்றால் 24, 60, 60, 1000 ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டுவார்கள். ஜாவா வெளிவந்த அதே ஆண்டில் இலங்கையில் அந்தப் பெருக்கம் இருமுறை பொய்த்தது. மே 25ஆம் திகதிக்கு 23 மணித்தியாலமே இருந்தது. ஒக்ரோபர் 26ஆம் திகதிக்கு இருபத்துநாலரை.

2002இல் வெளியான டொட்நெற்றின் ‘டைம்ஸ்பான்’ நூறு நனோசெக்கன்களை அலகாகக் கொண்ட தனி வகை. இரண்டு நேரங்களைக் கழித்தால் கிடைப்பது அது மட்டுமே. 2003இல் பைதன் 2.3 ‘டைம்டெல்டா’வைத் தந்தது. அளவுக்குத் தனிவகை கிடைத்துவிட்டது. ஆனால் ஒரே நேரவலயப் பொருளைச் சுமந்த இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது சுவர்மணிக்கூட்டு எண்களை மட்டுமே கழிப்பது என்று பைதன் முடிவெடுத்தது. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட எட்டு மணித்தியாலம் அங்கிருந்து வருகிறது. இரண்டையும் உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் பைதனும் ஏழு என்றே சொல்லும். பைதனின் ஆவணம் இதை மறைக்கவில்லை. ஆனாலும் கழித்தலின் விடை ‘கழிந்த நேரம்’ என்று நம்பி எழுதுபவரே அதிகம் என்பதால், அந்த முடிவு பிழையானது என்பதே என் கருத்து.

பெரிய தெளிவைத் தந்தவர் ஸ்டீபன் கோல்போர்ன். 2002இல் அவர் தொடங்கிய ஜோடா-டைம் நூலகம் கணத்தையும் கால அளவையும் பிரித்ததோடு நிற்காமல், கால அளவையே இரண்டாகப் பிரித்தது. ‘டியூரேஷன்’ என்பது மாறாத நீளம். அதில் ஒரு நாள் என்றால் எப்போதும் 24 மணித்தியாலம். ‘பீரியட்’ என்பது நாட்காட்டியின் நீளம். ‘ஒரு மாதம்’, ‘ஓர் ஆண்டு’ என்று நிற்கும். அது எத்தனை செக்கன் என்று கேட்டால், எந்தத் திகதியிலிருந்து என்று திருப்பிக் கேட்கும். 2014 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 8 இந்தப் பிரிவையே ஏற்றுக்கொண்டது. நாழிகைக்கும் திதிக்கும் இடையிலுள்ள அதே எல்லையில்தான் இப்பிரிவு விழுகிறது. அந்தியேட்டிக்குரிய நாளைத் திகதியோடு நாட்களைக் கூட்டிக் காணலாம். ஆண்டுத்திவசத்துக்கு இறந்த திகதி கையில் இல்லாமல் ஓரடி நகரமுடியாது. கோல்போர்னுக்கு நம் பஞ்சாங்கம் தெரிந்திருக்கவேண்டிய தேவையில்லை. சீரில்லாத வானத்தையும் சீரான எண்ணையும் ஒருங்கே கையாள்பவர் எவரும் கடைசியில் வந்துசேரும் இடம் இது.

சி++ வேறொரு திசையில் போனது. ஹவார்ட் ஹின்னன்ட் முதலியோரின் முயற்சியால் 2011இன் தரநிலையில் சேர்ந்த குரோனோவில் அலகே வகையின் ஒரு பகுதி. ஒரு செக்கனின் எத்தனை மடங்கு என்று சொன்னால் புதிய அலகு தயார். 1440 செக்கன் என்று எழுதினால் நாழிகை, 24 செக்கன் என்று எழுதினால் விநாழிகை. நாழிகையை நிமிடமாக மாற்றத் தொகுப்பி தானாகவே இடம்தரும், ஏனென்றால் எதுவும் சிந்தாது. முழுவெண் நாழிகையை முழுவெண் மணித்தியாலமாக மாற்ற இடம்தராது. ஒரு நாழிகை 0.4 மணித்தியாலம், மாற்றினால் மிச்சம் தொலையும். நிரல் ஓடுமுன்பே தொகுப்பி அதை மறுத்துவிடும். ஒரு கணக்கர் மாணாக்கனின் கையைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் இங்கே மொழியே நிறுத்துகிறது. பஞ்சாங்க மென்பொருள் எழுத முனைபவருக்கு நான் அறிந்த நூலகங்களுள் இதுவே மிகப் பொருத்தமானது.

ஜாவாஸ்கிரிப்டின் டெம்போரல் முன்மொழிவு இரண்டு நீளங்களையும் மறுபடி ஒரே ‘டியூரேஷன்’ வகுப்புக்குள் சேர்த்திருக்கிறது. மாதமோ ஆண்டோ கலந்திருந்தால் மொத்தத்தைக் கணிக்க ஒரு தொடக்கத் திகதியைக் கட்டாயமாகக் கேட்கும். வகையால் பிரிக்காமல் கேள்வியால் பிரிக்கும் இந்த வழி எழுதுபவருக்கு வசதிதான். ஆனால் பிழை நிரல் ஓடும்போதுதான் வெளிப்படும்.

முகமாலைக்கு இரு புறமும்

இலங்கையின் பொதுநேரம் 1906இல் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னாக நிறுவப்பட்டது. உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரை அது மாறி மீண்டது. பிறகு ஐம்பது ஆண்டுகள் அசையவில்லை. 1996இல் வரட்சியால் நீர்மின்சாரம் குறைய, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக மே 25இல் ஆறரை மணித்தியாலமாகவும், ஒக்ரோபர் 26இல் ஆறு மணித்தியாலமாகவும் அரசு மாற்றியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை; அங்கே ஐந்தரை மணித்தியாலமே தொடர்ந்தது. குடாநாட்டின் பெரும்பகுதி அதற்கு முந்தைய மாதங்களில்தான் அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்ற இரண்டு சொற்களும் அன்றாடப் பேச்சில் நிலைத்தன. நேரம் சொல்பவர் எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

2002இன் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தபோது இந்தக் கோடு பயணிகளின் காலடியிலேயே வந்தது. இரு தரப்பின் சாவடிகளும் இருந்த முகமாலைக்கு வடக்கே அரச நேரம். தெற்கே பளையிலிருந்து வன்னி முழுதும் பழைய நேரம். ஓமந்தையைக் கடந்தால் மறுபடி அரச நேரம். முகமாலையும் பளையும் குடாநாட்டின் நிலத்தொடரிலேயே இருப்பதால், நேரக்கோடு குடாநாட்டின் உடலுக்குள்ளாகவே ஓடியது. காலை 9 மணிக்கு வடபுறத்தில் புறப்பட்டு, 20 நிமிடத்தில் தென்புறச் சாவடியைச் சேர்ந்தவரின் பதிவில் அங்கே 8.50 என்றிருக்கும். மணிக்கூட்டு எண்களைக் கழித்தால் பயணநேரம் கழித்தல் 10 நிமிடம்.

மென்பொருள் சோதிப்பவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இப்பயணத்தில் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை முழுப் பயணத்தையும் கணித்தால் விடை சரியாகவே வரும். முகமாலையில் இழந்த அரை மணித்தியாலம் ஓமந்தையில் திரும்பிவிடும். யாழ்ப்பாணம்–கிளிநொச்சி அரை மணித்தியாலம் குறைவாகக் காட்டும், கிளிநொச்சி–வவுனியா அரை மணித்தியாலம் கூடுதலாகக் காட்டும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சோதித்த நிரல் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டு நடுவழியில் பிழைக்கும். ஒவ்வொரு பதிவையும் அதன் பெயர்ச்சியோடு, அதாவது பொதுநேரத்திலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதோடு, கணமாக மாற்றிவிட்டுக் கழிப்பதுதான் வழி. அப்படிக் கழித்துக் கிடைக்கும் அளவில் பழைய நேரம் என்றும் புதிய நேரம் என்றும் எதுவுமில்லை. 1829இல் கிரகணத்தின் நீளத்துக்கு இடக்கணக்கு தேவைப்படாமற்போனதும் இதே காரணத்தால்தான்.

2006 ஏப்ரல் 15இல் அரசு ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பியதோடு இரு நேரங்களும் ஒன்றாயின. ஓகஸ்ட் மாதம் போர் மூண்டு ஏ9 மூடப்பட்டது.

அந்தப் பத்தாண்டுப் பதிவுகள் இன்னும் கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன. 2003இல் கிளிநொச்சியில் காலை 6.10க்குப் பிறந்த குழந்தையின் சாதகத்தை இன்றைய மென்பொருள் ஒன்று கணிக்கும்போது, இலங்கை என்றதும் ‘ஆசியா/கொழும்பு’வை எடுத்து, அன்றைய பெயர்ச்சி ஆறு மணித்தியாலம் என்று கொள்ளும். அங்கே நிலவியதோ ஐந்தரை. பிறந்த கணம் அரை மணித்தியாலம், அதாவது ஒன்றேகால் நாழிகை, பிசகிவிடும். திசையிருப்பு, நட்சத்திரத்தின் மொத்த நாழிகையில் பிறக்கும்போது எவ்வளவு கழிந்தது என்ற விகிதத்திலிருந்து வருகிறது. நட்சத்திரத்துக்கு 60 நாழிகை என்று கொண்டால் இப்பிசகு 48இல் ஒரு பங்கு. 20 ஆண்டு கொண்ட சுக்கிர திசையில் அது ஐந்து மாதம். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் பிறப்புப் பதிவு, வைத்தியசாலைக் குறிப்பு, சாவடிப் பதிவு என்று எதை எடுத்தாலும் இதே அரை மணித்தியாலத்தை எதிர்கொள்வார்கள்.

உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஒரே வலயந்தான் உண்டு. அதைப் பராமரிக்கும் போல் எக்கர்ட், 2006 ஏப்ரலில் தரவுக்கோப்பின் குறிப்பொன்றில் இப்பிரச்சினையைத் தொட்டிருக்கிறார். தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளின் நேரம் 1970 முதல் இந்திய நேரத்தோடு ஒத்திருப்பதால், அங்கே வாழ்பவர்கள் ‘ஆசியா/கொல்கத்தா’வைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. கணக்குக்கு அது போதும். ஆனால் அந்தக் கோடு எங்கே ஓடியது, எந்த ஊர் எந்த மாதம் எந்தப் புறத்தில் நின்றது என்பது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி படையினரின் கைக்குப் போய் 1998 செப்ரெம்பரில் புலிகளிடம் திரும்பியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியது. ஒவ்வொரு முறையும் சுவர்மணிக்கூட்டின் பொருளும் மாறியிருக்கவேண்டும். ஊர்ப் பெயரையும் திகதியையும் கொடுத்தால் அன்று அங்கே நிலவிய பெயர்ச்சியைத் தரும் ஒரு வகுப்பை எழுதுவது கடினமல்ல. அதற்குள் இடவேண்டிய அட்டவணையை, அந்த ஊர்களில் அக்காலத்தில் வாழ்ந்து, எந்த நேரத்துக்குப் பாடசாலை மணி அடித்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களிடமிருந்தே திரட்டவேண்டும்.